எண்ணிக்கைக்கு அகப்படாத கருவிகள்

உளியின் தேய்மானத்தைப் பார்த்தே அதைப் பிடித்த கையின் பழக்கத்தைச் சொல்லிவிடும் கொல்லர்கள் உண்டு. ஆனால் அதற்கு உளிக்குச் சொந்தக்காரர் அதைத் தாமே பட்டறைக்கு எடுத்துவந்து தர வேண்டும். இன்றைய புகைப்படக் கலைஞரின் கருவிகளுக்கு அந்த நடை மிச்சம். லைட்ரூம், ஃபோட்டோஷாப் போன்ற வணிக மென்பொருள்கள், பயனர் தேடிப்போய் அமைப்பை மாற்றி வைக்காத வரையில், எந்தக் கட்டளை எப்போது அழுத்தப்பட்டது, எது தொடப்படாமலே கிடக்கிறது என்ற விவரங்களைத் தயாரிப்பாளருக்குப் பெரும்பாலும் தாமாகவே அனுப்பிக்கொண்டிருக்கின்றன. உளி இப்போது கொல்லனோடு நேரடியாகப் பேசுகிறது. அதைப் பிடித்திருக்கும் தச்சனுக்கு அந்த உரையாடலில் இடமில்லை.

இப்படிக் கணக்கெடுப்பதே பாவம் என்று நாம் வாதிடப்போவதில்லை. அந்தக் கணக்கை எப்படி வாசிக்கிறார்கள், யார் கையில் வைத்துக்கொள்கிறார்கள் என்ற இரண்டு கேள்விகளே நம்முடையவை. எழுத்தைத் தொழிலாகவோ காதலாகவோ கொண்டவர்களுக்கு இது அந்நியமான விஷயமும் அல்ல. ஒரு கவிஞன் எத்தனை முறை அடித்துத் திருத்தினான் என்பதை எண்ணி அவன் கவிதையை எடைபோட முடியுமா என்ற பழைய கேள்விதான் இங்கே வேறு வேடத்தில் வந்து நிற்கிறது.

முதலில் ஒரு நிகழ்வு. லைட்ரூம் என்பது ஆயிரக்கணக்கான படங்களை அடுக்கி வகைப்படுத்தவும் அவற்றின் ஒளியையும் நிறத்தையும் திருத்தவும் அடோபி நிறுவனம் உருவாக்கிய மென்பொருள். 2006இல் சோதனைப் பதிப்பாகப் பொதுமக்களுக்குத் தரப்பட்டு, 2007இல் முழு வடிவில் விற்பனைக்கு வந்தது. 2015 அக்டோபரில் அதன் 6.2 பதிப்பு வெளியானபோது, கேமராவின் மெமரி கார்டிலிருந்து படங்களைக் கணினிக்குள் கொண்டுவரும் முதல் திரை அடியோடு மாற்றப்பட்டிருந்தது. பல தெரிவுகள் உள்ளறைக்குள் ஒதுக்கப்பட்டிருந்தன. சில முற்றாகவே நீக்கப்பட்டிருந்தன. கோப்புகளை நகலெடுக்காமல் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்த்தும் வசதி போயிற்று. படங்கள் வந்து சேர்ந்ததும் கார்டைத் தானே பாதுகாப்பாக விடுவிக்கும் வசதியும் போயிற்று. போதாக்குறைக்கு அந்தப் பதிப்பு அடிக்கடி செயலிழந்தும் நின்றது.

எழுந்த கூச்சல் பெரிது. பலர் பழைய பதிப்புக்கே திரும்பிப் போனார்கள். அதே மாதத்தில் லைட்ரூமுக்குப் பொறுப்பாக இருந்த டாம் ஹோகார்ட்டி வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டு எழுதினார். அதில் அவர் சொன்ன காரணங்களுள் ஒன்றுதான் நம் கவனத்துக்குரியது. முதல் திரை புதியவர்களை மிரட்டுகிறது என்று ஆய்வுகளும் ஆசிரியர்களும் பயனர்களும் சொன்னதால் அதை எளிமையாக்க முனைந்தோம். அதன் பகுதியாக, மிகக் குறைவாகவே பயன்படுத்தப்படும் சில வசதிகளை எடுத்துவிட்டோம் என்பது அவர் விளக்கத்தின் சாரம். அடுத்த மாதமே 6.3 பதிப்பில் பழைய திரை திரும்ப வைக்கப்பட்டது.

மன்னிப்பு நேர்மையானது. தவறைத் திருத்திய வேகமும் பாராட்டத்தக்கது. ஆனால் 'மிகக் குறைவான பயன்பாடு' என்ற அந்தச் சொற்றொடரைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டியிருக்கிறது. பயன்பாடு குறைவு என்றால் என்ன? யாருக்குக் குறைவு? எதை எண்ணினால் அது குறைவு?

கார்டை விடுவிக்கும் வசதியையே எடுத்துக்கொள்வோம். திருமண மண்டபத்திலிருந்து நள்ளிரவில் வீடு திரும்பும் ஒருவரிடம் நான்கைந்து கார்டுகள் இருக்கும். தூக்கக் கலக்கத்தில், எந்தக் கார்டு ஏறி முடிந்தது, எது இன்னும் பாக்கி என்று தெரிந்துகொள்ள அவருக்கு இருக்கும் சைகை அதுதான். ஏறி முடிந்த கார்டு தானே விடுபட்டு நிற்கும். முறையாக விடுவிக்காமல் உருவினால் கார்டில் உள்ளவை பழுதாகவும் வாய்ப்புண்டு. திருமணத்தை மறுபடி நடத்திப் படமெடுக்க முடியாது. இத்தனைக்கும் அது ஒரு சின்னக் கட்டத்தில் இடும் குறி மட்டுமே. ஒரு முறை குறியிட்டால் பிறகு அதன் பக்கம் போகவே வேண்டியதில்லை. கணக்கெடுப்பவர் கவனமாக இல்லாவிட்டால், தொடப்படாத அந்தக் குறி வேண்டப்படாத குறியாகவே அவருக்குத் தோன்றும். வேலைக்காரர் அதை மறந்தே போகும் அளவுக்கு அது ஒழுங்காக உழைத்துக்கொண்டிருந்தது என்பதை எந்த எண் சொல்லும்?

தமிழ் நெடுங்கணக்கில் ஔ என்ற எழுத்தை இந்தக் கண்ணோடு பார்த்தால் என்ன நடக்கும் என்று யோசிக்கலாம். ஒரு நாவல் முழுவதிலும் அது சில முறை வந்தால் அதிகம். பயன்பாட்டுப் பட்டியலில் அது அடிமட்டத்தில் கிடக்கும். விசைப்பலகையில் இடத்தை அடைக்கிறது, கற்கும் குழந்தைக்குச் சுமை என்று அதைத் தூக்கிவிடலாம். ஆனால் தூக்கியவுடன் ஔவையாரின் பெயரை அவள் வழக்கமாக எழுதப்படும் விதத்தில் எழுத முடியாது. நாளும் வேண்டியிராத ஒன்று வேண்டும் நாளில் அதற்கு மாற்று இருப்பதில்லை. ஒரு பொருள் எத்தனை தடவை தேவைப்பட்டது என்பதும், தேவைப்பட்டபோது அது எவ்வளவு தேவைப்பட்டது என்பதும் வெவ்வேறு அளவைகள். எண்ணிக்கை முதலாவதை மட்டுமே தரும்.

அந்த முதலாவதையாவது சரியாகத் தருகிறதா என்பதும் ஐயத்துக்குரியதே. லைட்ரூமில் வேலை செய்பவர் ஒரு படத்தின் முன் நீண்ட நேரம் உட்கார்ந்து, நிழல் பகுதியை மீட்கும் ஒரே நழுவுபட்டையை முன்னும் பின்னும் நகர்த்தி, முடிவில் தொடங்கிய இடத்துக்கே கொண்டுவந்து விட்டுவிடலாம். இருட்டு இருட்டாகவே இருக்கட்டும் என்பது அவர் எடுத்த முடிவு. ஒருவேளை அந்தப் படத்தின் உயிரே அந்த முடிவில்தான் இருக்கும். இறுதிக் கோப்பில் அதன் தடயம் பூஜ்யம். இன்னொருவர், யாரோ உருவாக்கி விற்ற 'பிரீசெட்' ஒன்றை ஒரே சொடுக்கில் 500 படங்கள் மீது ஏற்றுகிறார். அந்த ஒரு சொடுக்கு இருபது கருவிகளின் அளவுகளை ஒரே நேரத்தில் மாற்றுகிறது. கோப்புகளில் பதிந்த அளவுகளை எண்ணினால் அவர் பத்தாயிரம் திருத்தங்கள் செய்த மாபெரும் உழைப்பாளி. சொடுக்குகளை எண்ணினாலோ ஒரே ஒரு செய்கைக்காரர். இரண்டு எண்களுமே உண்மை. இரண்டிலும் அவர் எதையாவது தீர்மானித்தாரா என்ற விவரம் இல்லை.

எண்ணப்படுபவர்கள் யார் என்பதையும் மறக்கக்கூடாது. தகவல் அனுப்பும் அமைப்பைத் தேடிக் கண்டுபிடித்து நிறுத்தி வைக்கக்கூடியவர்கள் பொதுவாக அனுபவசாலிகள், இரகசியம் காக்கும் கடமை உள்ள தொழில்முறையாளர்கள், கட்டுப்பாடான வலையமைப்புக்குள் இயங்கும் அலுவலகங்கள். மென்பொருளை ஆழமாகப் பயன்படுத்துபவர்கள் கணக்கிலிருந்து விலகி நிற்க, நேற்று வாங்கியவர்கள் எல்லோரும் கணக்குக்குள் இருந்தால், அந்தக் கணக்கு எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல வேண்டியதில்லை.

எதிர்த்தரப்பின் நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். இலட்சக்கணக்கானவர்கள் பயன்படுத்தும் ஒரு மென்பொருளை உருவாக்குபவர் ஒவ்வொருவர் வீட்டுக் கதவையும் தட்டிக் கேட்க முடியாது. கேட்டாலும் மனிதர்கள் தாம் செய்வதாக நினைப்பதைத்தான் சொல்வார்கள், செய்வதை அல்ல. உரத்துப் பேசும் சிலரின் விருப்பம் மௌனமாக வேலை செய்யும் பலரின் தேவையை மூடிவிடவும் கூடும். எந்தக் கட்டளையில் மென்பொருள் உடைகிறது என்பதைப் பயன்பாட்டுப் பதிவின்றிக் கண்டுபிடிப்பது கடினம். 2015இல்கூட முதல் திரை புதியவர்களை மிரட்டியது என்ற கண்டுபிடிப்பு பிழையானதல்ல. 'இது கடினமாக இருக்கிறது' என்பதிலிருந்து 'இது வேண்டாம்' என்பதற்குத் தாவிய இடத்தில்தான் சறுக்கல் நேர்ந்தது. பதிவு அந்தத் தாவலுக்குச் சாட்சி சொல்லவில்லை. சாட்சிக் கூண்டில் அதை ஏற்றி நிறுத்தினார்கள், அவ்வளவே.

திருத்தங்களைப் பதிந்து வைக்கும் பழக்கம் கணினியோடு பிறந்ததும் அல்ல. நியூயார்க்கில் மாக்னம் அமைப்பின் இருட்டறையில் அச்சுக் கலைஞராக இருந்த பாப்லோ இனிரியோ, சோதனை அச்சுகளின் மீது பேனாவால் வட்டங்களும் கோடுகளும் இட்டு, ஒவ்வொரு பகுதிக்கும் எத்தனை நொடி ஒளி கூட்ட வேண்டும், எங்கே குறைக்க வேண்டும் என்று எண்களாக எழுதி வைத்தார். டைம்ஸ் சதுக்கத்தில் மழையில் நடந்துவரும் ஜேம்ஸ் டீனை 1955இல் டென்னிஸ் ஸ்டாக் எடுத்த புகழ்பெற்ற படத்தின் மேலும் அத்தகைய குறிப்புகள் உண்டு. பார்ப்பதற்கு ஒரு நில அளவை வரைபடம் போலிருக்கும். டீனின் முகத்துக்கு ஓர் எண், வானத்துக்கு ஓர் எண், ஈரத் தரைக்கு இன்னோர் எண். எந்தக் கருவி எங்கே எவ்வளவு பயன்பட்டது என்பதன் துல்லியமான பதிவுதான் அது. ஆனால் அதை எழுதியவரும், வாசிப்பவரும், அதன்படி அடுத்த அச்சைப் போடுபவரும் ஒரே ஆள். அடுத்த முறையும் அதே படத்தை அதே தரத்தில் எடுக்க வேண்டும் என்ற தொழிலாளியின் கவலையிலிருந்து பிறந்த கணக்கு அது.

ஆன்செல் ஆடம்ஸ் இன்னும் ஒரு படி மேலே போகிறார். நெகட்டிவை இசைக் குறிப்புக்கும் அச்சை அதன் வாசிப்புக்கும் ஒப்பிட்டவர் அவர். நியூ மெக்சிகோவின் ஹெர்னாண்டஸ் என்ற ஊரில் 1941இல் எடுத்த நிலவுப் படத்தை அவர் பல பத்தாண்டுகள் திரும்பத் திரும்ப அச்சிட்டார். ஆரம்பகால அச்சுகளில் வானத்தில் மேகங்கள் மெல்லத் தெரிகின்றன. பிற்கால அச்சுகளில் வானம் ஏறக்குறைய முழுக் கறுப்பு. கருவிகள் அவையேதான்: ஒளியை மறைக்கும் அட்டை, ஒளியைக் கூட்டும் கை. ஃபோட்டோஷாப்பில் இன்றும் டாட்ஜ், பர்ன் என்ற பெயர்களோடு இருக்கும் அவ்விரு கருவிகளும் அங்கிருந்து வந்தவைதான். பயன்பாட்டுப் பட்டியல் இரண்டு அச்சுகளுக்கும் ஒன்றாகவே இருந்திருக்கும். மாறியது மனிதர்.

மென்பொருளிலும் இந்த வகைச் சொந்தக் கணக்கு இருக்கவே செய்கிறது. லைட்ரூம் தன் பட்டியல் கோப்பை எஸ்க்யூலைட் என்னும் வெளிப்படையான தரவுத்தள வடிவில் பயனரின் கணினியிலேயே வைக்கிறது. ஒவ்வொரு படத்துக்கும் என்னென்ன செய்யப்பட்டது என்ற வரலாறு அதில் இருக்கிறது. டார்க்டேபிள் போன்ற கட்டற்ற மென்பொருள்கள், படத்துக்குப் பக்கத்திலேயே ஒரு சிறு கோப்பில் அத்திருத்தங்களை எழுதி வைக்கின்றன. விருப்பமுள்ளவர் அவற்றைத் திறந்து தம் பழக்கங்களைத் தாமே எண்ணிப் பார்க்கலாம். எல்லாப் படத்திலும் நிறத்தைக் கூட்டியே பழகிவிட்டோமா, எல்லா முகத்தையும் வெளுப்பாக்கிவிட்டோமா என்று ஒரு கலைஞர் தன்னையே கேட்டுக்கொள்ள இதைவிட நல்ல கண்ணாடி கிடையாது. அது வேறொருவர் சட்டைப்பையில் இருக்கும்போதுதான் வேவு பார்க்கும் கருவியாகிறது.

இந்தப் பதிவின் இன்னொரு முகம் சற்றே கடுமையானது. செய்திப் படத்தின் நம்பகத்தன்மையைக் காக்கத் திருத்தக் கருவிகளைக் கண்காணிக்க வேண்டும் என்பவர்கள் உண்டு. அவர்கள் அச்சம் ஆதாரமற்றதல்ல. 2006 ஆகஸ்டில் ராய்ட்டர்ஸ் நிறுவனத்துக்காக அட்னான் ஹஜ் எடுத்த பெய்ரூட் படம் ஒன்றில், குண்டுவீச்சுக்குப் பின் எழும் புகை குளோன் கருவியால் பெருக்கப்பட்டிருந்தது. நிறுவனம் அவருடனான தொடர்பை அறுத்து, அவருடைய 920 படங்களையும் தன் தொகுப்பிலிருந்து விலக்கியது. தூசிப் புள்ளிகளை நீக்கத்தான் முயன்றேன் என்று அவர் விளக்கம் சொன்னார் என்பது இவ்விவகாரத்தில் கூர்ந்து நோக்க வேண்டிய இடம். ஏனெனில் சென்சாரில் படிந்த தூசியை அகற்றுவதைச் செய்தி நிறுவனங்களே அனுமதிக்கின்றன. அசோசியேட்டட் பிரஸ்ஸின் விதிகளில் அது வெளிப்படையாகவே உள்ளது. அனுமதிக்கப்பட்ட அந்த வேலைக்கும், புகையைப் பெருக்கும் மோசடிக்கும் ஒரே கருவி போதும். கருவிப் பதிவேட்டை மட்டும் பார்த்தால் துடைத்தவரும் பொய் சொன்னவரும் ஒரே வரியில் நிற்பார்கள். ஹஜ்ஜின் படத்தைக் காட்டிக்கொடுத்தது எந்தப் பதிவேடும் அல்ல, ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வருவதைக் கவனித்த வாசகர் கண்கள்.

2024இல் இதே பிழை தலைகீழாக நடந்தது. மெட்டா நிறுவனம் அவ்வாண்டு மே மாதம் முதல், படக் கோப்புக்குள் பதிந்திருக்கும் தகவல்களைப் படித்து, செயற்கை நுண்ணறிவால் உருவானது என்று பொருள்படும் முத்திரையைத் தன் தளங்களில் குத்தத் தொடங்கியது. கேமராவில் எடுத்த படங்களுக்கும் அது விழுந்தது. வெள்ளை மாளிகையின் முன்னாள் புகைப்படக் கலைஞர் பீட் சூசா தன் படத்துக்கே அது நேர்ந்ததைச் சுட்டிக்காட்டினார். ஃபோட்டோஷாப்பின் 'ஜெனரேட்டிவ் ஃபில்' கொண்டு ஒரு சிறு புள்ளியை அழித்தாலே முத்திரை வந்துவிடுகிறது, அதே புள்ளியைப் பழைய குளோன் கருவியால் அழித்தால் வருவதில்லை என்று சோதித்துப் பார்த்தவர்கள் எழுதினார்கள். கோப்பில் உள்ள தகவலை நீக்கிவிட்டால், முழுக்கக் கணினி வரைந்த படமும் மாசற்றதாக உலா வரலாம். ஜூலையில் அந்நிறுவனம் முத்திரையின் வாசகத்தைத் தணித்து மாற்றியது. ஆனால் அதற்குள், வாழ்நாள் முழுதும் உண்மையைப் படமெடுத்துச் சம்பாதித்த பெயர் ஒரு புள்ளிக்காகச் சந்தேகத்துக்கு உள்ளாகிவிட்டது. செய்திப் படக்காரருக்கு அந்தப் பெயரைத் தவிர வேறு முதலீடு ஏது?

மாறாக, 2015இல் வேர்ல்ட் பிரஸ் ஃபோட்டோ போட்டியின் அமைப்பாளர்கள் என்ன செய்தார்கள் என்று பார்க்கலாம். இறுதிக்கு முந்தைய சுற்றை எட்டியவர்களிடம் கேமரா பதிந்த மூலக் கோப்பை வாங்கி, அனுப்பப்பட்ட படத்தோடு ஒப்பிட்டார்கள். சுமார் ஐந்தில் ஒரு பங்கு விலக்கப்பட்டது. அவர்கள் தீர்ப்பின் கடுமை குறித்துச் சர்ச்சை இருந்தது, இருக்கலாம். ஆயினும் முறை சரியானது. எந்தக் கருவியைத் தொட்டாய் என்று அவர்கள் கேட்கவில்லை. இருந்தது என்ன, இப்போது இருப்பது என்ன என்றே கேட்டார்கள். அதற்குப் பதில் சொல்லப் படத்தையே பார்க்க வேண்டும். பார்க்கத் தெரிந்த மனிதர்களும் வேண்டும். மலிவான வழி அல்ல அது.

ஆகவே நாம் கேட்பவை எளியவை. பயன்பாட்டைப் பதிவதாயின், கேட்டு, ஒப்புதல் பெற்றுப் பதிய வேண்டும். மறுக்கும் வழியைத் தேடிக் கண்டுபிடிப்பது பயனரின் வேலையாக இருக்கக் கூடாது. பதிந்ததை அந்தப் பயனருக்கும் திருப்பிக் காட்ட வேண்டும். ஒரு கருவியை நீக்குவதற்கு முன், அதைக் குறைவாகப் பயன்படுத்தும் அந்தச் சிலரிடம் ஏன் பயன்படுத்துகிறீர்கள் என்று கேட்க வேண்டும். ஆயிரம் எண்களைவிட அந்தப் பத்துப் பதில்கள் பயன் தரும். படத்தின் மீது முத்திரை குத்துவதாயின், அது கருவியின் பெயரைச் சொல்லாமல் படத்தில் மாறியது என்ன என்பதைச் சொல்ல வேண்டும். அடோபி உள்ளிட்ட நிறுவனங்கள் சேர்ந்து 2021இல் தொடங்கிய சி2பிஏ கூட்டமைப்பின் சான்றிதழ் முறையில், ஃபோட்டோஷாப் பயனர் தம் திருத்த விவரங்களைச் சேர்ப்பதா வேண்டாமா என்று தாமே தெரிவு செய்யலாம். நல்ல தொடக்கம் என்றே அதைக் கொள்ளலாம். நாளை அத்தெரிவு கட்டாயமாகிவிடாமலும், சேர்க்காதவரெல்லாம் குற்றவாளி என்ற எண்ணம் பரவாமலும் இருக்கும் வரையில்.

வாடகை மென்பொருள் காலத்தில் இவை வெறும் கொள்கைப் பேச்சாக நின்றுவிடுவதில்லை. 2017க்குப் பிறகு லைட்ரூமின் புதிய பதிப்புகளை ஒரேயடியாகப் பணம் கட்டி வாங்கிச் சொந்தமாக்கிக்கொள்ள வழியில்லை. சந்தா கட்டுபவரின் கருவிப்பெட்டியை வேறொருவர் திறந்து, வேறொருவர் கணக்குப் பார்த்து, வேறொருவர் தீர்மானித்து ஒரு கருவியை எடுத்துவிடலாம். 2015இல் கூச்சலிட ஆள் இருந்தது, அதனால் திரும்பி வந்தது. நூறு பேர் மட்டுமே பயன்படுத்தும் ஒரு கருவிக்கு அத்தனை பெரிய குரல் எழாது. அந்த நூறு பேரில் ஒருவர் எடுக்கப்போகும் படம் நமக்குத் தெரியாமலே எடுக்கப்படாமல் போகும். எடுக்கப்படாத படங்களை எண்ண எந்த மென்பொருளாலும் முடியாது.